மட்டாஞ்சேரியில் ஒரு நீலக் கவர்



கொச்சி மட்டாஞ்சேரியில் மருந்துக் கடைக்குப் பஞ்சமில்லை. சாயங்கால வேளையில் ஏதாவதொரு கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். தொண்டை கரகரப்பு, உடம்பு லேசாகச் சுடுகிறது என்று ஒருவர் வருவார். சட்டைப் பையிலிருந்து காலி மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைப்பார். அசித்ரோமைசின் 500. "போன தடவை இதுதான் கேட்டது, இதையே ஒன்று கொடுங்கள்" என்பார். கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு. "சீட்டு உண்டோ சேட்டா?" என்று கேட்பார். டாக்டர் சீட்டு இல்லையென்றால் மருந்து இல்லை. பழைய வாடிக்கையாளர் என்றால் கொஞ்சம் கோபமும் வரும், இரண்டு வார்த்தை கூடக் குறையப் பேசுவார். சீட்டு இருந்தாலோ, மாத்திரையைத் தனியாக ஒரு நீல நிறக் கவரில் போட்டுத் தருவார். இது ஆன்டிபயாட்டிக், டாக்டர் சொன்னபடிதான் சாப்பிட வேண்டும் என்று அந்தக் கவரே சொல்லும்.

கேரள அரசு 2024-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. அதே ஆண்டு ஜனவரியில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனைக்கு இறங்கியது. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்ற கடைகள் மீது நடவடிக்கை பாய்ந்தது. அதன் பிறகு மாநிலத்தில் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்ததாக சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் அறிவித்தார்.

சரி, ஒரு மாநில அரசின் உத்தரவு, இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். இந்தக் கவரின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஜெனீவா வருகிறது, சென்னை வருகிறது, லண்டனும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனும் வருகின்றன. பல நாடுகள் கூடிச் செய்த வேலையின் கடைசிக் கண்ணி இந்தக் கவர். அந்தக் கூட்டுறவுக்கான பணம் இப்போது வற்றிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுப் பணம் நின்றபின் எது நிற்கும், எது போகும் என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

முதலில், ஒருவர் வாங்கும் மூன்று மாத்திரை எப்படி ஊர் விவகாரமாகிறது, உலக விவகாரமாகிறது என்று பார்ப்போம். ஆன்டிபயாட்டிக் கொல்வது பாக்டீரியாவை. சளி, ஃபுளூ போன்ற பெரும்பாலான காய்ச்சல்கள் வைரஸால் வருபவை. அங்கே இந்த மருந்துக்கு வேலையே இல்லை. ஆனாலும் உடம்புக்குள் போன மருந்து சும்மா இருக்காது. குடலிலும் தோலிலும் தொண்டையிலும் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் பலவீனமானவற்றைக் கொன்றுவிடும். தாக்குப்பிடித்தவை மட்டும் மிஞ்சிப் பெருகும். இத்தோடு போகாது. தாக்குப்பிடிக்கும் திறனைத் தரும் மரபணு பல சமயம் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் இருக்கிறது. ஒரு கிருமி அந்த வளையத்தின் நகலை வேறொரு இனக் கிருமிக்கே கொடுத்துவிடும். நேற்று வரை சாதுவாக இருந்த குடல் கிருமி, நோய் தரும் கிருமிக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. மாத்திரை சாப்பிட்டவர் ஒருவர், அதன் பலனை அனுபவிப்பவர் பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கலாம், ஐ.சி.யு.வில் கிடக்கும் முன்பின் தெரியாத ஒருவராகவும் இருக்கலாம்.

2019-இல் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தார்கள் என்பது 'லான்செட்' இதழில் வந்த ஆய்வின் மதிப்பீடு. இத்தகைய தொற்றோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடைய மரணங்களையும் சேர்த்தால் 49 லட்சத்து 50 ஆயிரம்.

எந்த ஒரு நாடும் தனியாகச் சமாளிக்கக்கூடிய சங்கதி இல்லை இது. ஆனால் நாடுகள் சேர்ந்து செயல்படுவது அவ்வளவு சுலபமாகவும் இல்லை. நம் சென்னையே அதற்குச் சாட்சி.

2008-இல் ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம் புதுவகைக் கிருமி ஒன்று கிடைத்தது. அவர் இந்திய வம்சாவளியினர்; அதற்கு முன் புது தில்லியில் மருத்துவமனையில் இருந்தவர். கார்பபெனம் என்ற உயர்ரக ஆன்டிபயாட்டிக்கைக்கூடச் சிதைத்துவிடும் நொதியை உண்டாக்கும் மரபணு அந்தக் கிருமியில் இருந்தது. அதற்கு என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள். 'என்.டி.' என்பது நியூ டெல்லி. 2010 ஆகஸ்டில் 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில் விரிவான ஆய்வு வெளியானது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி அதன் முதல் ஆசிரியர். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டிமோதி வால்ஷும் ஆசிரியர்களில் ஒருவர். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று அந்த மரபணு உள்ள கிருமி மாதிரிகளை அவர்கள் கண்டிருந்தார்கள்.

நல்ல கூட்டு ஆய்வு. ஆனால் நடந்தது ரகளை. எங்கள் தலைநகரின் பெயரைக் கிருமிக்கு வைப்பதா, சிகிச்சைக்காக இந்தியா வரும் வெளிநாட்டினரைப் பயமுறுத்தி விரட்டும் சதியா என்று நாடாளுமன்றம் வரை கொந்தளிப்பு. பெயர் வைத்தது தவறு என்று 2011 ஜனவரியில் 'லான்செட்' இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் வருத்தம் தெரிவித்தார். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பேச வேண்டிய விஷயம் சென்னை மருத்துவமனையில் பரவியிருந்த கிருமி. எல்லோரும் பேசியது மானப் பிரச்சினையை. ஒரு தரப்பு மாதிரி எடுத்துக் கொடுப்பதும் மறு தரப்பு முடிவு எழுதுவதுமாக ஒரு கூட்டுறவு இருக்கிறது என்ற சந்தேகம் எழுந்துவிட்டால், எவ்வளவு உண்மையான முடிவையும் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

அந்தக் காயத்துக்கு மருந்தும் சென்னையிலிருந்தே வந்தது. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் ஒன்றுகூடின. முன்னின்று நடத்தியவர் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். அங்கே உருவானதுதான் 'சென்னைப் பிரகடனம்'. பழியை எதிர்த்துக் குரல் கொடுப்பதை விட்டுவிட்டு, நம் நாட்டில் நடைமுறைக்கு ஒத்துவருகிற திட்டம் எது என்று அது பேசியது. எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் ஒரே நாளில் சீட்டுக்குள் அடக்க முடியாது. டாக்டரே இல்லாத கிராமங்கள் இருக்கின்றன. முதலில் உயர்ரக மருந்துகளைக் கட்டுப்படுத்துவோம் என்ற நிதானமான பாதை. 2014 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்த, மத்திய அரசின் 'ஹெச்-1' மருந்து அட்டவணையும் அதே போக்கில் அமைந்தது. 46 மருந்துகள், அவற்றில் பெரும்பகுதி ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும். இவற்றை விற்கும் கடைக்காரர் சீட்டு எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மட்டாஞ்சேரிக் கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தாரே, அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி 2016-இல் மத்திய அரசு நாடு முழுக்கப் பிரசாரம் செய்தது.

2015 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார அமைப்பின் பேரவை, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளுக்கு எதிரான உலகச் செயல் திட்டத்தை ஏற்றது. 2017-இல் இந்தியா தனக்கென ஒன்றை அறிவித்தது. 2018 அக்டோபரில் கேரளம் தன் மாநிலத் திட்டத்தை வெளியிட்டது. 'கார்சாப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்தியாவில் இப்படித் தனித் திட்டம் போட்ட முதல் மாநிலம் அதுதான். மனித மருத்துவம், கால்நடை, மீன்வளம், சுற்றுச்சூழல் எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தன. நீலக் கவர் இந்த வம்சாவளியில் வந்த கடைக்குட்டி.

கடையில் நடப்பது பாதிக் கதை. மீதி, ஆஸ்பத்திரி வார்டில் நடக்கிறது. மட்டாஞ்சேரியிலிருந்து பாலங்கள் தாண்டிக் கொச்சியின் வடபக்கம் போனால் எடப்பள்ளி அருகே அமிர்தா மருத்துவக் கழகம். 2016-இல் அங்கே ஒரு குழு அமைந்தது. மருத்துவர், நுண்ணுயிரியல் நிபுணர், மருத்துவமனை மருந்தாளுநர் எல்லோரும் அதில் உண்டு. வார்டில் எழுதப்படும் உயர்ரக ஆன்டிபயாட்டிக் சீட்டுகளை எடுத்துப் பார்த்து, இந்த மருந்து தேவைதானா, அளவு சரியா, எத்தனை நாள், ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றலாமா என்று கேட்பது அவர்கள் வேலை. எழுதிய டாக்டரிடமே போய்ச் சொல்வார்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். ஆனால் கேள்வி கேட்கப்பட்டது என்பது பதிவாகும்.

இந்தக் குழுவோடு லண்டன் இம்பீரியல் கல்லூரியும் கேப் டவுன் பல்கலைக்கழகமும் கை கோத்தன. லண்டன் பக்கம் பேராசிரியர் அலிசன் ஹோம்ஸ், கேப் டவுனில் பேராசிரியர் மார்க் மெண்டல்சன், கொச்சியில் டாக்டர் சஞ்சீவ் சிங். 'ஆஸ்பைர்ஸ்' என்ற அந்தத் திட்டம் பிரிட்டன் அரசின் ஆய்வு நிதியில் நடந்தது. எடுத்துக்கொண்ட விஷயம், அறுவை சிகிச்சையில் ஆன்டிபயாட்டிக். இதயம், நுரையீரல், குடல் அறுவைப் பிரிவுகள்.

அவர்கள் ஆராய்ந்த விதம்தான் சுவாரசியம். எத்தனை கிராம் மருந்து செலவானது என்று எண்ணுவதோடு நிற்கவில்லை. எஸ்மிதா சரணி போன்ற ஆய்வாளர்கள், மானிடவியலாளர் ஒரு கிராமத்தில் போய் இருப்பதைப் போல, ரவுண்ட்ஸ் போகும் டாக்டர்களோடு கூடவே நடந்து கவனித்தார்கள். யார் பேசுகிறார், யார் தலையாட்டுகிறார், ஆன்டிபயாட்டிக் பற்றிய பேச்சு எந்தக் கட்டிலருகே எழுகிறது, எங்கே எழாமலே போகிறது என்று குறித்துக்கொண்டார்கள்.

அறுவைக்கு முன் தொற்று வராமல் தடுக்க ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் போடுவார்கள். கத்தி வைப்பதற்குச் சற்று முன், பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள். பெரும்பாலான அறுவைகளில் அத்தோடு போதும். ஆபரேஷன் முடிந்த பிறகும் நாள் கணக்கில் தொடர வேண்டியதில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2016-லேயே சொல்லிவிட்டது. ஆனால் பல வார்டுகளில் மருந்து தொடரும். யாரும் தவறான எண்ணத்தில் தொடர்வதில்லை. தலைமை அறுவை நிபுணரின் கவனம் தையலில், ரத்தப்போக்கில், அடுத்த ஆபரேஷனில். கீழே உள்ள இளம் டாக்டருக்கு மருந்தைத் தொடங்கத் தைரியம் உண்டு, நிறுத்தத் தைரியம் கிடையாது. நிறுத்தி, நாளை புண்ணில் சீழ் வைத்தால் பழி யார்மேல்? நர்சுக்குத் தோன்றும், சொல்ல மாட்டார். மருந்தாளுநருக்குத் தெரியும், அவரை ரவுண்ட்ஸுக்கு அழைப்பதே அபூர்வம். ஆக, தொடங்க ஆள் இருக்கிறது, நிறுத்த ஆள் இல்லை. லண்டன், கேப் டவுன், கொச்சி என்று மருத்துவமனைக்கு மருத்துவமனை வசதி வேறு, அதிகார அடுக்கு வேறு. அறுவைக் கத்திக்குப் பின்னால் மருந்து இரண்டாம்பட்சமாகிவிடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. கொச்சிக்கு வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போவோம் என்று யாரும் நினைத்திருந்தால் அது எடுபட்டிருக்காது. அவரவர் வார்டை அவரவரே கண்ணாடியில் பார்த்துக்கொண்டதால்தான் அந்த உறவு ஒரு திட்டத்தோடு முடியாமல் அடுத்தடுத்த திட்டங்களுக்கு நீண்டது.

இன்னொரு வழியும் எர்ணாகுளம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலாவில் தொடங்கிய 'ரியாக்ட்' என்ற அமைப்பின் ஆசிய பசிபிக் கிளை நம் வேலூர் சி.எம்.சி.யில் வேர்விட்டது. அங்கமாலிக்குப் பக்கத்தில் மூக்கன்னூர் என்ற ஊரில், உள்ளூர் மருத்துவமனையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து, ஊர் முழுவதையும் ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் விவரமுள்ள ஊராக ஆக்கும் முயற்சியை அவர்கள் எடுத்தார்கள். உப்சாலா, வேலூர், மூக்கன்னூர்: இந்தச் சங்கிலியில் நோயாளியை நேரில் பார்க்கும் கண்ணி மூக்கன்னூர்தான்.

வெளிநாட்டாரோடு சேர்ந்து மருத்துவ வேலை செய்வது கொச்சிக்குப் புதிதும் அல்ல. டச்சுக்காரர்கள் 1663-இல் கொச்சியைப் பிடித்தார்கள். அவர்களுடைய ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீடு, மலபார் மூலிகைகளைப் பற்றி ஒரு பெருநூலைத் தொகுத்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியானது. 742 தாவரங்கள். அறிவைக் கொடுத்தவர்கள் யார்? சேர்த்தலையைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன்; ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்கள் மூவர். காலனி ஆதிக்கக் காலம்தான், வியாபார நோக்கம்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஒரு காரியத்தை வான் ரீடு செய்தார். அந்த வைத்தியர்களின் உறுதிமொழிகளை அவரவர் கையெழுத்து வடிவத்திலேயே முதல் தொகுதியில் அச்சிட்டார். இட்டி அச்சுதனின் உறுதிமொழி, 1675 ஏப்ரலில் எழுதியது, கோலெழுத்தில் அப்படியே இருக்கிறது. முந்நூறு ஆண்டு கழித்துக் கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கே.எஸ். மணிலால் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு அந்த லத்தீன் நூலை ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவந்தார். எந்தச் செடியை யார் சொன்னார் என்று பெயரோடு இருந்ததால்தான் நூலின் சொந்தக்காரர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது. என்.டி.எம்.-1 சண்டையில் நாம் கேட்டதும் இந்த மரியாதையைத்தான்.

இனி, பணத்துக்கு வருவோம். 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் தலைவர்கள் கூடி ஓர் அரசியல் பிரகடனம் செய்தார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமித் தொற்றோடு தொடர்புடைய மரணங்களை 2030-க்குள் 10 சதவீதம் குறைப்போம் என்றார்கள். உலகில் மனிதர்களுக்குத் தரும் ஆன்டிபயாட்டிக்கில் 70 சதவீதமாவது எளிய, பாதுகாப்பான முதல் பிரிவிலிருந்து இருக்க வேண்டும் என்றும் இலக்கு வைத்தார்கள். அமாக்சிசிலின் அந்தப் பிரிவு. நம் ஆள் காலி அட்டையைக் காட்டிக் கேட்ட அசித்ரோமைசின், கவனமாகக் கையாள வேண்டிய இரண்டாம் பிரிவு. கொலிஸ்டின் போன்றவை கடைசிக் கையிருப்பு. இதற்கு ஊக்க நிதியாக 10 கோடி டாலர் திரட்டுவது என்றும் முடிவானது.

மறு ஆண்டே நிலைமை தலைகீழ். இந்தியா உட்படப் பல ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் ஆய்வகங்களையும் கண்காணிப்பையும் கட்டியெழுப்ப உதவிய பிரிட்டனின் ஃபிளெமிங் நிதி 2015-இல் 26.5 கோடி பவுண்டோடு தொடங்கியது. அதற்கான உதவியை நிறுத்தப்போவதாக 2025 ஜூலையில் செய்தி வந்தது. பென்சிலினைக் கண்ட அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் உரையிலேயே அரைகுறையாக மருந்து சாப்பிடுவதன் ஆபத்தைச் சொன்னவர். அவர் பெயரில் இருந்த நிதிக்கே இந்தக் கதி. அமெரிக்காவின் யு.எஸ்.எய்டு அமைப்பும் அதே மாதம் மூடப்பட்டது.

அடுத்தவர் பணத்தில் வந்த ஆய்வகக் கருவி, ரசாயனம் வாங்க ஆளில்லாமல் தூசி பிடிக்கும். மாநாட்டுத் தீர்மானம் கோப்பில் தூங்கும். எது நிற்கும் என்றால், நம் சம்பளப் பட்டியலுக்குள் வந்துவிட்ட வேலை நிற்கும். கேரளத்தில் ஆய்வகங்கள் சேர்ந்து எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கேட்கிறது என்ற மாநிலப் பட்டியலை வெளியிடுகின்றன. வட்டார அளவில் குழுக்கள் இருக்கின்றன. மிஞ்சிய மருந்தைத் திரும்பப் பெறும் 'என்பிரவுட்' திட்டம் 2025-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. இவையெல்லாம் மாநிலத்தின் சொந்த ஏற்பாடுகள். வெளிநாட்டு நண்பர் நாளை வராவிட்டாலும் மறுநாள் நடக்கும்.

அதே கொச்சியில் ஒரு வேடிக்கை உண்டு. கடல் உணவு ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் தலைமை அலுவலகம் இங்கேதான். வெளிநாடு போகும் பண்ணை இறாலில் குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருக்கிறதா என்று சோதனை நடக்கிறது. இருந்தால் வாங்குகிற நாடு சரக்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் பண்ணைக்காரர் பயப்படுகிறார். மனிதர் வாங்கும் மருந்துக்கு அப்படிப்பட்ட வெளிநாட்டு நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. அங்கே நாமேதான் காவல்.

மட்டாஞ்சேரியில் கொங்கணி, குஜராத்தி, உருது, தமிழ், மலையாளம் எல்லாம் ஒரே தெருவில் பேசப்படும். வேலைக்கு வந்த வங்காளிகளும் ஒடியர்களும் சேர்ந்திருக்கிறார்கள். எல்லோரும் மலையாளம் படிப்பவர்கள் அல்ல. நீலக் கவரின் எச்சரிக்கை அவரவர் மொழியில் சென்று சேர வேண்டும். கொடுக்கும் கடைக்காரர் வாயாலும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலும் சட்டம் இதேதான். சிவப்புக் கோடும் இதேதான். வீட்டில் மிஞ்சிய மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள். அண்டை வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள். டாக்டரிடம் "ஆன்டிபயாட்டிக் எழுதலையா?" என்று கேட்பதை விட்டு, "இது எனக்குத் தேவைதானா, எத்தனை நாள்?" என்று கேளுங்கள். தேவை என்று எழுதினால் சொன்ன நாள் வரை சரியாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடமும், வாக்குக் கேட்டு வருபவர்களிடமும் இன்னொரு கேள்வியைக் கேட்டு வையுங்கள். இந்த ஆஸ்பத்திரியில், போதும், இந்த மருந்தை நிறுத்துங்கள் என்று சொல்வதையே வேலையாகக் கொண்டவர் யார், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? இரண்டுக்கும் உள்ளூரிலேயே பதில் இருக்கும் இடத்தில், லண்டன் நண்பரும் கேப் டவுன் நண்பரும் வந்தாலும் நல்லது, வராவிட்டாலும் வேலை நடக்கும்.